மலைப்பாதையில் வழிவிடும் பண்பு

மலையகத்தின் பிரதான வீதிகளில் காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் மிகவும் பரபரப்பானதாகும். பெரட்டுக்கு விரையும் தொழிலாளர்கள், வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைகள், நகருக்குப் புறப்பட்ட முதலாவது பஸ், மரக்கறி ஏற்றிய லொறி, முச்சக்கரவண்டிகள், மோட்டார் சைக்கிள்கள், இடையிடையே ஏற்றத்தில் மூச்சுவாங்கத் துவிச்சக்கரவண்டியை மிதித்து வரும் ஒருவர் என அனைவரும் ஒரே வீதியையே நம்பியிருக்கின்றனர். ஒரு புறம் மலைச்சரிவும் மூடியில்லாத கானும் இருக்க, மறுபுறம் பள்ளம் இருக்கின்றது. இத்தகைய வீதியில் ஒருவர் மற்றவருக்கு எவ்வாறு இடம்கொடுப்பது என்ற கேள்வியை வெறும் நாகரிகம் சார்ந்த ஒன்றாகக் கருதிவிட முடியாது. பலருக்கு அது உயிர் சார்ந்த கேள்வியாகும்.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் இடம்பெற்ற விபத்தை மலையக மக்கள் இன்னும் மறந்துவிடவில்லை. கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்து வந்த பஸ், செங்குத்தான இறக்கத்தில் வேன் ஒன்றுடனும் முச்சக்கரவண்டி ஒன்றுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தோர் சிறிய வாகனங்களில் இருந்தவர்கள் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் இலங்கை போக்குவரத்துச் சபையின் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கலாம். எனினும் மலை வீதியில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வதற்கான இடமும் நேரமும் மிகக் குறைவு என்பதே இவையனைத்தும் எமக்கு உணர்த்தும் பொதுவான பாடமாகும்.

இவ்வீதிகள் ஏன் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். இவற்றுள் பல, கோப்பித் தோட்டங்களின் காலத்தில் மாட்டு வண்டிகளின் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட தடங்களையே இன்றும் பின்பற்றிச் செல்கின்றன. ரயில் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் வந்தடைந்த பின்னரும், தோட்டங்களையும் புகையிரத நிலையங்களையும் இணைக்கும் பணியை இவ்வீதிகளே ஆற்றின. மலையைக் குடைந்தும் பாறையை உடைத்தும் இவற்றை அமைத்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்டில் மாத்தளையைச் சென்றடைந்தது. யாருடைய முன்னோர் இவ்வீதிகளை அமைத்தனரோ அவர்களே இன்று வீதியின் ஓரத்தில், வாகனம் வரும்போதெல்லாம் கானுக்குள் காலை வைத்து ஒதுங்கி நிற்கின்றார்கள். இதனை எண்ணும்போது வேதனையே மிஞ்சுகின்றது.

மலையகத்தில் துவிச்சக்கரவண்டி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பதைப் போன்று வீட்டுக்கு வீடு காணப்படும் வாகனம் அன்று. ஏற்ற இறக்கங்கள் அதற்கு இடம்கொடுப்பதில்லை. ஆயினும் அது முற்றாக இல்லாமலும் இல்லை. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது நாடு முழுவதும் மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தேடி ஓடினர். அதன் விலையும் பன்மடங்கு உயர்ந்தது. அவ்வேளையில் மோட்டார் வாகனச் சொந்தக்காரர்கள் பலரும் வீதியோரத்தின் நிலை எத்தகையது என்பதைத் தமது கால்களாலேயே அறிந்துகொண்டனர். இன்று நுவரெலியாவின் கிறகரி வாவியைச் சுற்றியும் தேயிலை மலைகளின் ஊடாகவும் வெளிநாட்டுப் பயணிகள் துவிச்சக்கரவண்டியில் செல்வதை நாம் காண்கின்றோம். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக, 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ள ‘பெக்கோ’ நடைபாதையும் நடந்து செல்வோரின் தொகையை அதிகரிக்கச் செய்துள்ளது. ஆகவே, வேகமாகச் செல்வோரும் மெதுவாகச் செல்வோரும் வீதியைப் பகிர்ந்துகொள்ளும் தேவை குறையப் போவதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பாதசாரிகளும் துவிச்சக்கரவண்டி ஓட்டுனர்களும் மோட்டார் சைக்கிளில் செல்வோருமே ஆவர். எமது நாட்டிலும் ஆண்டுக்கு 2,000 க்கும் மேற்பட்ட உயிர்கள் வீதிகளில் பலியாகின்றன. இரும்புக் கூட்டுக்குள் இருப்பவருக்கும் வெட்டவெளியில் இருப்பவருக்கும் இடையிலான மோதலில் யார் இழப்பைச் சுமக்கின்றார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேகத்தின் கணக்கைச் சாரதிகள் பலர் குறைத்தே மதிப்பிடுகின்றனர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. 60 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 17 மீற்றராகின்றது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே இத்தூரம் கடந்துவிடுகின்றது. அதன் பின்னரே வாகனம் வேகம் தணியத் தொடங்கும். வேகம் இரு மடங்காகும்போது பிரேக் பிடித்து நிறுத்துவதற்குத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகின்றது. மழையில் நனைந்த இறக்கமாயின் அது மேலும் நீளும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலான வளைவுகள் பலவற்றில் முன்னே 30 மீற்றர் தூரம்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வளைவுக்கு அப்பால் விறகுக் கட்டுடன் ஒரு தாயோ துவிச்சக்கரவண்டியுடன் ஒரு சிறுவனோ இருக்கக்கூடும் என எண்ணிச் செலுத்துவதே சாரதி காட்டக்கூடிய முதலாவது மரியாதையாகும்.

ஏற்றத்தில் துவிச்சக்கரவண்டி நேர்கோட்டில் செல்வதில்லை என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். வேகம் குறையக் குறைய வண்டியின் சமநிலை தளர்கின்றது. ஓட்டுபவர் ஒவ்வொரு மிதிப்புக்கும் இடமும் வலமுமாகச் சற்று அசைந்தே செல்வார். வீதியோரம் உடைந்திருந்தால் அக்குழியைத் தவிர்க்கச் சற்று உள்ளேயும் வருவார். பின்னால் வரும் சாரதிக்கு இது வேண்டுமென்றே வழிமறிப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவர் விழாமல் இருப்பதற்கே முயற்சிக்கின்றார். நீண்ட பஸ்ஸோ லொறியோ வளைவில் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்லாமல் வளைவின் உட்புறமாக நெருங்கி வருகின்றன. முன்பகுதி தன்னைக் கடந்துவிட்டதென நிம்மதியடையும் துவிச்சக்கரவண்டிக்காரரைப் பின்பகுதி நெருக்கித் தள்ளும் ஆபத்து இதனாலேயே ஏற்படுகின்றது.

பிரித்தானியாவில் 2022 ஜனவரி 29 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட வீதி ஒழுங்குக்கோவை, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் துவிச்சக்கரவண்டியை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்று கூறுகின்றது. மற்றவருக்கு அதிக தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தைச் செலுத்துபவருக்கே அதிக பொறுப்பு உண்டு என்பது அதன் அடிப்படைக் கோட்பாடாகும். எமது வீதிகளில் ஒன்றரை மீற்றர் இடைவெளிக்கு இடம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடமில்லாத இடத்தில் முந்தாமல் இருப்பதே அதற்கான பதிலாகும்.

அவ்வாறு காத்திருப்பதால் இழக்கப்படும் நேரம் எவ்வளவு? அடுத்த அகன்ற இடம் 200 மீற்றருக்கு அப்பால் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் துவிச்சக்கரவண்டியின் பின்னால் பொறுமையாகச் சென்றால் அத்தூரத்தைக் கடக்க 72 செக்கன்கள் எடுக்கும். 30 கிலோமீற்றர் வேகத்தில் தனியே சென்றிருந்தால் 24 செக்கன்கள் எடுத்திருக்கும். வித்தியாசம் 48 செக்கன்கள் மாத்திரமே. கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் பல மணி நேரம் பயணம் செய்யும் ஒருவர், ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இன்னொருவரின் உயிரைப் பணயம் வைப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறி வரும் வாகனத்திற்கு இறங்கி வரும் வாகனம் வழிவிட வேண்டும் என்பது பழைய மரபாகும். ஏற்றத்தில் நின்ற வாகனத்தை மீண்டும் நகர்த்துவது கடினம் என்பதே இதற்கான காரணம். இதே நியாயம் துவிச்சக்கரவண்டிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றது. ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் அவர் இறங்கித் தள்ளியே செல்ல வேண்டும். ஹோர்ன் ஒலியிலும் இரு வகை உண்டு. கண்ணுக்குத் தெரியாத வளைவில் வருகையை அறிவிக்கும் சிறிய ஒலி ஓர் எச்சரிக்கை. நடந்து செல்பவரின் முதுகுக்குப் பின்னால் எழுப்பப்படும் நீண்ட ஒலியோ ஓர் அதட்டல். அவ்வொலியால் திடுக்கிட்டு வீதியின் நடுவே பாய்ந்தவர்களும் உண்டு.

முன்விளக்கை மின்னச் செய்வதும் குழப்பத்திற்கு இடமளிக்கின்றது. எமது நாட்டில் அது பெரும்பாலும் ‘நான் வருகின்றேன், நீ நில்’ என்று பொருள்படுகின்றது. வேறு சில நாடுகளிலிருந்து வருவோர் அதனை ‘நீங்கள் செல்லுங்கள்’ என்ற அழைப்பாகவே கொள்வர். வெளிநாட்டவர் முச்சக்கரவண்டிகளை வாடகைக்குப் பெற்றுத் தாமே செலுத்திச் செல்வது இப்போது மலையகத்தில் சாதாரண காட்சியாகியுள்ளது. 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அவர்களுக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அனுமதிப்பத்திரத்துடன் மலை வீதியின் இத்தகைய எழுதாத வழக்கங்களையும் அவர்களுக்கு எடுத்துக்கூறுவது பயனளிக்கும்.

சிறிய விடயங்களாகத் தோன்றும் வேறு சிலவும் உண்டு. மழை நாளில் குழியில் தேங்கிய சேற்று நீரை வாரியிறைத்துச் செல்லும் வாகனத்தால் ஒரு பிள்ளையின் சீருடை பாழாகின்றது. லயன் அறையில் வாழும் அப்பிள்ளைக்கு மாற்றுச் சீருடை இல்லாதிருக்கலாம். அன்றைய தினம் அப்பிள்ளை வீடு திரும்பிவிட்டால் இழக்கப்படுவது ஒரு நாள் கல்வியாகும். அடர்ந்த பனிமூட்டத்தில் முன்விளக்கை உயர்த்தி ஒளிரச் செய்தால் ஒளி பனியில் பட்டுத் திரும்பிச் சாரதியின் கண்ணையே மறைக்கும். எதிரே வருபவரையும் அது கூசச் செய்யும். தாழ்த்திய விளக்கே இருவருக்கும் பாதுகாப்பானது.

கடமை சாரதிகளுக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். துவிச்சக்கரவண்டியில் செல்வோர் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். இருவர் மூவர் சேர்ந்து வீதியை நிறைத்துப் பேசிக்கொண்டு செல்வது தகாது. முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் பனியிலோ இருளிலோ புறப்படுவது தற்கொலைக்கு ஒப்பானது. இறக்கத்தில் பிரேக்கைச் சோதியாமல் வேகமெடுப்பதும், காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு செல்வதும் கைவிடப்பட வேண்டும். பின்னால் வாகனங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால், அகன்ற இடமொன்றில் சற்று ஒதுங்கி அவற்றைச் செல்லவிடுவதால் எவருடைய கௌரவமும் குறைந்துவிடாது. நடந்து செல்வோரும் இயன்றவரை வாகனங்களை எதிர்நோக்கியவாறு வீதியின் வலது ஓரமாகச் செல்வது நன்று.

இப்பண்பு மலையகத்திற்குப் புதியதன்று. இரு பஸ்கள் ஒடுங்கிய பாலத்தருகே சந்தித்தால் நடத்துனர் இறங்கி நின்று, சாண் அளவாக இடைவெளியைப் பார்த்து, கைகாட்டி இரண்டையும் கடத்திவிடுவதை நாம் அன்றாடம் காண்கின்றோம். வழிவிட்டவருக்குக் கையுயர்த்தி நன்றி கூறும் வழக்கமும் இங்கு உண்டு. ஆனால் இம்மரியாதை பஸ்ஸுக்கு பஸ் காட்டும் மரியாதையாகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அதே சாரதி துவிச்சக்கரவண்டியையோ தலையில் சுமையுடன் வரும் தொழிலாளியையோ கண்டால் ஹோர்னை அழுத்துகின்றார். சமமான பலம் கொண்டவருக்கு மாத்திரம் வழிவிடுவதைப் பண்பு என்று கூறிவிட முடியுமா?

அதேவேளை, முழுப் பழியையும் சாரதிகளின் தலையில் சுமத்திவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிவிடவும் முடியாது. பஸ்களுக்கிடையிலான போட்டியும் நெருக்கமான நேர அட்டவணையும் சாரதியின் பொறுமையைச் சோதிக்கின்றன. வீதி அகலிக்கப்படும்போது வாகனத்தின் வேகத்தைக் கருதும் திட்டமிடலாளர்கள், கானுக்கு மூடியிட்டு அதன் மேல் நடப்பதற்கு வழிசெய்தால் ஒரே செலவில் இரு பயன்கள் கிட்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டப்புறங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னர் அக்காரணத்தைக் கூறித் தப்பித்துக்கொள்ள எவருக்கும் இடமில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலையக வீதிகளைச் சிதைத்துச் சென்ற அனுபவத்தின் பின்னர், வீதிகளைச் சீரமைக்கும் ஒவ்வொரு வேலையிலும் நடந்து செல்வோருக்கும் துவிச்சக்கரவண்டிக்கும் ஓர் ஓரம் ஒதுக்கப்பட வேண்டும் எனச் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

வீதி அகலமாகும் வரை பண்பு காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு நிதி ஒதுக்கீடோ வர்த்தமானி அறிவித்தலோ தேவையில்லை. நாளை காலை வளைவில் ஒரு துவிச்சக்கரவண்டியைக் காணும் சாரதி, ஹோர்னிலிருந்து கையை எடுத்து 48 செக்கன்கள் பொறுத்திருந்தாலே போதும். அகன்ற இடத்தில் ஒதுங்கி நின்று அவரை முன்னே செல்லவிடுபவர் கையுயர்த்தி விடைகொடுக்கட்டும். மலை வீதிகளில் மாலையில் அனைவரும் வீடு வந்து சேர்வதற்கு அதுவே முதற்படியாக அமையும்.