புத்தர் டி-ஷர்ட்டோட கண்டிக்குப் போகலாமா?

அண்ணனூர்லேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அம்மாவைக் கூட்டிக்கிட்டு முதல் வெளிநாட்டுப் பயணம், இலங்கைக்கு. "அண்ணா, என்கிட்ட புத்தர் படம் போட்ட டி-ஷர்ட் இருக்கு, கண்டிக்குப் போட்டுட்டுப் போகலாமா?"

வேண்டாம் தம்பி. வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க.

நம்ம ஊர்ல புத்தர் ஒரு அலங்காரப் பொருள். சலூன்ல இருப்பார், ஸ்பாவுல இருப்பார், மீன் தொட்டிக்குள்ளகூட இருப்பார். அங்கே அவர் கும்பிடுற உருவம். 2014-ல் ஒரு பிரிட்டிஷ் பெண் கொழும்பு விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கையில், தாமரை மேல் உட்கார்ந்த புத்தர் பச்சை. மரியாதையாகத்தான் குத்திக்கிட்டேன்னு அவர் சொன்னார். ஆனாலும் கைது செய்து, சில நாள் காவலில் வைத்து, நாட்டைவிட்டே அனுப்பிட்டாங்க. அந்தக் கைது தப்புன்னு இலங்கை உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லி, 8 லட்சம் இலங்கை ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நியாயம் கிடைச்சது, சரி. ஆனா மூணு வருஷம் கழிச்சு!

அப்புறம் செல்ஃபி. சிலைக்கு முதுகு காட்டி நின்னு படம் எடுக்கவே கூடாது. நம்ம கை பழக்கத்துல தானா போனைத் திருப்பும், அதான் பிரச்னை. 2012-ல் சிலைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி படம் எடுத்த மூணு பிரெஞ்சுக்காரங்களுக்கு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே கிடைச்சது. மாட்டிவிட்டது யாருன்னு நினைக்கிறீங்க? படங்களை பிரிண்ட் போடக் கொடுத்த ஸ்டுடியோக்காரங்க.

உடை விஷயத்தில் நமக்கு ஒரு குழப்பம் வரும். யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிட்டுத்தான் உள்ளே போகணும். கண்டி தலதா மாளிகையில் நேர்மாறு: தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். செருப்பு, தொப்பி ரெண்டும் வெளியே. அநுராதபுரத்தில் மதிய வெயிலில் கல்தரை கொதிக்கும். சாக்ஸ் போட்டுக்கலாம், அம்மாவுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கோங்க. உட்காரும்போது சிலையைப் பார்த்து காலை நீட்டாதீங்க. இது நம்ம பாட்டி சொன்னதுதான், புதுசு இல்லை.

பஸ்ஸில் முன் சீட் மதகுருமாருக்கு ஒதுக்கினது, பிக்கு வந்தா எழுந்துடுங்க. பெண்கள் பிக்குகளுக்குக் கை கொடுக்கிறதில்லை, கும்பிட்டாப் போதும்.

கடைசியா, டிக்கெட் தேதியை காலண்டரோட ஒத்துப் பாருங்க. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா, அரசு விடுமுறை. அன்னைக்கு மதுவும் இறைச்சியும் விற்க மாட்டாங்க. கோயில்களில் வெள்ளை உடுத்தின கூட்டம் நிரம்பி வழியும். அம்மாவுக்கு அது பிடிக்கலாம்.

போயிட்டு வந்து இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க தம்பி.