தம்பியின் கையுறை

அமெரிக்க எழுத்தாளர் ஜே.டி.சலிஞ்சரின் 'த கச்சர் இன் த ரை' 1951ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல். பெரியவர்களின் போலித்தனத்தை எதிர்க்கும் இளைஞனொருவனின் கலகக் குரலாகவே பலரும் அதனை அறிமுகஞ் செய்வதுண்டு. வசைச் சொற்கள் மலிந்துள்ளன எனக் கூறி அமெரிக்கப் பாடசாலைகள் சில அதனை விலக்கியமையும் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால், நேயர்களே, நிதானமாக வாசிப்போருக்கு அங்கே கலகத்தைவிடத் துக்கமே மேலோங்கி நிற்பது புலப்படும்.

கதை சொல்பவன் ஹோல்டன் கோல்பீல்ட். சம்பவங்கள் நடக்கும்போது வயது 16. நான்கு பாடங்களிற் சித்தியடையாமையால் விடுதிப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டு, செய்தி பெற்றோருக்கு எட்டுமுன் டிசம்பர் குளிரில் நியூயோர்க் நகரில் அலைகிறான். கதையென்று பார்த்தால் இவ்வளவுதான். மதுச்சாலை, ஹோட்டல் என நீளும் நடுப்பகுதியில் அவனது ஓயாத முறைப்பாடு சற்று அலுப்பூட்டவும் செய்கிறது.

அவன் சித்தியடைந்த பாடம் ஆங்கிலம். மொழியாசிரியர்களாகிய எங்களுக்கு இது சுவையான செய்தி. அறைத்தோழன் தனக்கொரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வருணித்தாற் போதும். ஹோல்டனோ இறந்துபோன தம்பி ஆலியின் பேஸ்போல் கையுறையைப் பற்றி எழுதிவிடுகிறான். மைதானத்திற் சும்மா நிற்கும் வேளையில் வாசிப்பதற்கென்று அக்கையுறை முழுவதும் பச்சை மையினாற் கவிதைகளை எழுதிவைத்தவன் ஆலி. 1946 யூலையில் இரத்தப் புற்றுநோய்க்கு அவன் பலியானபோது வயது 11. அன்றிரவு ஹோல்டன் கராஜிற் படுத்து, அதன் யன்னற் கண்ணாடிகளை வெறுங்கையால் உடைத்தான். கை காயப்பட்டு மருத்துவமனையிற் கிடந்தமையால் தம்பியின் இறுதிச் சடங்கை அவன் காணவில்லை என்பது கதை வெகுதூரம் சென்ற பின்னரே, பேச்சுவாக்கில் வெளிவருகிறது. கட்டுரையைக் கண்ட தோழன், கேட்டது இதுவல்லவே என்று சினக்கிறான். ஹோல்டன் அதைக் கிழித்தெறிகிறான். 'தலைப்புக்குப் புறம்பானது' என்று சிவப்பு மையாற் குறிப்பெழுதிப் பழகியவர்கள் இந்தப் பக்கத்திற் சற்றுத் தரித்து நிற்கவே வேண்டும்.

நாவலின் பெயரும் இத்துக்கத்தோடு ஒட்டியதே. ரை என்பது கோதுமையை ஒத்த தானியம். ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸின் பாடலில் 'சந்தித்தல்' என வருவதை ஹோல்டன் 'பிடித்தல்' எனப் பிழையாக நினைவு வைத்திருக்கிறான். ரை வயலில் விளையாடும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் மலைவிளிம்பிலிருந்து விழுந்துவிடாமற் பிடிப்பதே தன் விருப்பம் என்று 10 வயதுத் தங்கை பீபியிடம் சொல்கிறான். அதற்குச் சற்று முன்னர்தான், முன்பு படித்த பாடசாலையிற் சகமாணவரின் கொடுமைக்கிடையே யன்னலாற் குதித்து இறந்த ஒருவனை நினைத்துக்கொள்கிறான். அவன் அப்போது அணிந்திருந்தது ஹோல்டன் இரவல் கொடுத்த கம்பளிச் சட்டை.

சலிஞ்சர் 1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய படையினருள் ஒருவர். 1945இல் போரின் தாக்கத்தால் மனம் சோர்ந்து மருத்துவமனையிலும் இருந்தவர். துயருற்றவன் தன் துயரைச் சுற்றிவளைத்தே பேசுவான் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்றே கொள்ளலாம். தெருவைக் கடக்கும்போதெல்லாம் தான் மறைந்துபோவேனோ என்று அஞ்சும் ஹோல்டன், 'என்னை மறைய விடாதே' என்று மன்றாடுவதும் ஆலியிடந்தான்; கடந்ததும் அவனுக்கு நன்றி சொல்கிறான்.

இறுதியில், பூங்காவிலுள்ள குதிரை இராட்டினத்திற் பீபி சுற்றுகிறாள். பொன்னிற வளையத்தைப் பிடிக்கக் குழந்தைகள் எம்புகின்றன. விழுந்துவிடுவாளோ என்ற பயம் ஹோல்டனுக்கு, ஆயினும் வாய்திறக்கவில்லை. கொட்டும் மழையில் நனைந்தபடி வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டேயிருக்கிறான்.