காக்பிட்டில் சுவிட்ச் தெரியாம தட்டுப்படுமா?

ஓசூர் சிப்காட்டுக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்க பவர் பிரஸ்ஸைக் கவனிச்சிருப்பீங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் பிரஸ் இறங்கும். கால்ல மிதிக்கிற வகைன்னா பெடலுக்கு மேல ஒரு மூடி இருக்கும். தெரியாம யாராவது மிதிச்சா ஒரு கை போயிடுமே, அதுக்காகத்தான். காக்பிட்டிலும் இதே கவலைதான். அங்கே பின்னால உட்கார்ந்திருப்பது நூத்துக்கணக்கான பேர்.

2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 171-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. இறந்தவர்கள் 260 பேர். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கையில், தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'ரன்' நிலையிலிருந்து 'கட்ஆஃப்' நிலைக்குப் போனதாக இருக்கிறது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் செய்யவில்லை என்கிறார் மற்றவர். சுமார் 10 நொடியில் சுவிட்சுகள் திரும்ப 'ரன்'னுக்கு வந்தன. ஆனா எஞ்சின் மறுபடி வேகம் பிடிக்க உயரம் போதவில்லை. யார், ஏன் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. நம்ம வாட்ஸ்அப் குரூப்புகள்தான் அன்னிக்கே தீர்ப்பு எழுதிட்டாங்க.

அந்த சுவிட்ச் வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி கிடையாது. ஸ்பிரிங் இழுத்துப் பிடிச்சிருக்கும் குமிழை மேலே தூக்கி, ஒரு தடுப்பைத் தாண்டித்தான் நகர்த்த முடியும். பக்கத்தில் காப்புத் தகடும் உண்டு. கை, முட்டி பட்டு ரெண்டும் அடுத்தடுத்து விழும் என்று நம்புவது ரொம்பக் கஷ்டம். சரி, அந்தத் தடுப்பே வேலை செய்யலைன்னா? 2018 டிசம்பரில் அமெரிக்க விமானத் துறை, சில போயிங் 737-களில் தடுப்பு விடுபட்ட சுவிட்சுகள் பொருத்தப்பட்டிருந்ததாகச் சொல்லி, பரிசோதிக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் 787-ம் உண்டு. கட்டாயம் இல்லை என்பதால் ஏர் இந்தியா அதைச் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு தன் மற்ற விமானங்களைச் சோதித்து, குறை எதுவும் இல்லை என்றது.

என்னைக் கேட்டா, தெரியாம தட்டுப்படுவதைவிட ஆபத்தானது, தெரிஞ்சே தப்பான சுவிட்சைத் தொடுவது. அதை எந்தப் பூட்டும் தடுக்காது. ஏன்னா பூட்டைத் திறப்பதே அந்தக் கைதான். 1987 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிளம்பிய டெல்டா 767-ல் கேப்டன் வேற சுவிட்சுன்னு நினைச்சு எரிபொருளையே நிறுத்திட்டார். கடலுக்குச் சில நூறு அடி மேலே வந்த பிறகுதான் எஞ்சின்கள் உயிர் பெற்றன. 2011-ல் ஜப்பானின் ஏ.என்.ஏ. விமானத்தில், கழிவறை போய்த் திரும்பிய கேப்டனுக்குக் கதவைத் திறக்கப் போன துணை விமானி, சுக்கான் டிரிம் குமிழைத் திருகிட்டார். 737 கிட்டத்தட்ட தலைகீழாப் புரண்டு சுமார் 1,900 மீட்டர் இறங்கியது. நல்லவேளை, எல்லாரும் பிழைச்சாங்க. அவர் முன்பு ஓட்டிய 737-500-ல் கதவுக் குமிழ் வேற இடத்துல இருந்தது!

இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை மடக்குறோம்னு சக்கரத்தை மடக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளைத் திட்டவில்லை. சக்கர சுவிட்சில் குட்டி ரப்பர் சக்கரமும், ஃபிளாப் சுவிட்சில் ஆப்பு வடிவத் துண்டும் ஒட்டினார். இன்னிக்கும் பயணிகள் விமானத்தில் கியர் லீவரின் நுனி ஒரு குட்டிச் சக்கரம்தான். அடுத்த முறை காக்பிட் படம் கண்ணில் பட்டா, தேடிப் பாருங்க.