கடவுள் நம்பிக்கை இல்லாத வாழ்வு வீணானதா?

கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் பலர் கவலையோடு பேசுவதை நம் பங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பிள்ளைகளுள் சிலர் நேர்மையாக உழைக்கிறார்கள், அவசரம் என்றால் முதல் ஆளாக இரத்தம் கொடுக்க ஓடுகிறார்கள், முதியோரைக் கவனிக்கிறார்கள். ஆனால் கடவுள் இல்லை என்கிறார்கள். அவர்களது வாழ்வுக்குப் பொருள் உண்டா? "கிடையவே கிடையாது" என்று சிலர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "நல்லவராக இருந்தால் போதும், நம்பிக்கை எதற்கு?" என்று வேறு சிலர் கடந்துபோகிறோம். இரண்டுமே அவசரமான பதில்கள்.

நோயாளிகள் நடுவே ஒரு மருத்துவர்

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1947-இல் வெளியிட்ட 'கொள்ளை நோய்' என்னும் நாவல் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கிறது. 2020-இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் பலர் இதை மீண்டும் தேடிப் படித்தார்கள். அல்ஜீரியாவின் ஓரான் நகரைப் பிளேக் நோய் தாக்குகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத மருத்துவர் ரியூ இரவு பகலாக நோயாளிகளைக் கவனிக்கிறார். கடவுள் இன்றி ஒருவர் புனிதராக முடியுமா என்பது அவருடைய நண்பர் தாரூவின் மனத்தைக் குடையும் கேள்வி.

அதே நகரில் பனலூ என்ற இயேசு சபைக் குரு இருக்கிறார். இந்த நோய் உங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று அவர் முதலில் மறையுரை ஆற்றுகிறார். பின்னர் தொண்டர் குழுவில் தாமே சேர்ந்து உழைக்கிறார். ஒரு சிறுவன் துடிதுடித்து இறப்பதைக் கண்ணால் பார்க்கிறார். அதன்பின் அவர் ஆற்றும் இரண்டாம் மறையுரையில் "நீங்கள்" என்ற சொல் மறைந்து "நாம்" என்ற சொல் வருகிறது. மறையுரை ஆற்றுவோரும் கேட்போரும் இந்த மாற்றத்தை மறக்கக் கூடாது.

விக்டர் பிராங்கல் நாத்சி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூத மனநல மருத்துவர். பெற்றோரையும் மனைவியையும் சகோதரரையும் அந்தக் கொடுமையில் இழந்தவர். செய்யும் பணி, காட்டும் அன்பு, தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் மனநிலை ஆகிய மூன்று வழிகளில் மனிதர் வாழ்வின் பொருளைக் கண்டடைய முடியும் என்றார். இந்த வழிகள் கடவுளை நம்பாதவருக்கும் திறந்தே உள்ளன என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

திருச்சபை என்ன சொல்கிறது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு (எண் 19-21) இறைமறுப்பை ஏற்கவில்லை. ஆனால் அது தோன்றுவதில் நம்பிக்கையாளருக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிறது. தவறான போதனையாலும் முரண்பட்ட வாழ்வாலும் கடவுளின் உண்மை முகத்தை நாமே மறைத்துவிடக் கூடும். தங்கள் குற்றமின்றிக் கடவுளை இன்னும் வெளிப்படையாக அறியாமல் நேர்மையாக வாழ முயல்வோருக்கும் மீட்புக்கான உதவியை இறைவன் மறுப்பதில்லை என்று திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கமும் (எண் 16) கற்பிக்கிறது.

ஆண்டவரின் இறுதித் தீர்ப்பு உவமையை (மத் 25:31-46) எண்ணிப் பார்ப்போம். வலப்பக்கம் நிற்பவர்கள், உம்மை எப்போது கண்டோம் என்று வியப்போடு கேட்கிறார்கள். பசித்தவருக்கு உணவளித்தபோது அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அச்செயல் வீணாகவில்லை.

அப்படியானால் நம்பிக்கை எதற்கு?

பிராங்கல் சொன்ன மூன்று வழிகளையும் மீண்டும் பார்ப்போம். மூன்றுமே ஏதேனும் செய்யவோ, அன்பு காட்டவோ, முடிவெடுக்கவோ இயன்றவர்களுக்கானவை. வதைமுகாமில் தாயின் இடுப்பிலேயே இறந்த கைக்குழந்தை என்ன பணி செய்தது? எந்த மனநிலையைத் தேர்ந்துகொண்டது? வாழ்வின் பொருள் நாம் உண்டாக்குவது மட்டுமே என்றால், அதை உண்டாக்க நேரமே கிடைக்காதவர்களின் கதி என்ன?

"அதனால்தான் குழந்தைகள் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் காக்கப் போராட வேண்டும்" என்று நேர்மையான இறைமறுப்பாளர் பதில் சொல்லக்கூடும். அதை நாம் இகழ முடியாது. அந்தப் போராட்டத்தில் நாமும் அவரோடு நிற்க வேண்டும். ஆனால் நம் நம்பிக்கை இன்னும் ஒன்றைச் சொல்கிறது. அந்தக் குழந்தையின் மதிப்பு அதன் சாதனையால் வந்ததன்று. அதைப் படைத்து அன்பு செய்தவரிடமிருந்து வந்தது. மரணம் அதைப் பறிக்க முடியாது.

இது குழந்தையின் சாவுக்கு விளக்கம் அன்று. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேசியபோது (லூக் 13:4) இயேசு காரணம் கூறவில்லை. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை மட்டும் மறுத்தார். இலாசரின் கல்லறையருகே அவர் அழுதார்.

நாம் விரும்புகிறோம் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதும் சரியே. புனித பவுல் இதை நன்கு அறிந்திருந்தார். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம் நம்பிக்கை பொருளற்றது என்று அவரே எழுதினார் (1 கொரி 15). நமது எதிர்நோக்கு வெறும் ஆறுதல் மொழியின்மேல் கட்டப்பட்டதன்று. சிலுவையில் அறையப்பட்டவர் உயிரோடிருக்கிறார் என்ற சாட்சியத்தின்மேல் கட்டப்பட்டது.

இருளிலும் ஒரு நம்பிக்கை

நம்புகிறவர்களுக்கு எல்லாம் வெளிச்சமாக இருக்கும் என்று நினைப்பதும் தவறு. குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலம் முதல் 1897 செப்டம்பர் 30-இல் தமது 24-ஆம் வயதில் இறக்கும்வரை கடும் இருளை அனுபவித்தார். மரணத்துக்கு அப்பால் எதுவுமே இல்லையோ என்ற எண்ணம் அவரை வாட்டியது. நம்பிக்கையற்றவர்களைப் பழிப்பதற்குப் பதிலாக அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தவராகத் தம்மைக் கருதி, அவர்களுக்காக மன்றாடினார்.

எனவே நம் வீட்டில் நம்பிக்கை இழந்தவர் இருந்தால், உன் வாழ்வே வீண் என்று சொல்ல வேண்டாம். அவர் செய்யும் நன்மைக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். முகம் தெரியாத ஒருவருக்கு ஏன் இரத்தம் கொடுக்கிறாய், அந்த மனிதரிடம் அவ்வளவு மதிப்புள்ளதாக எதைக் காண்கிறாய் என்று அன்போடு கேட்போம். அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்போம். நம்பிக்கை பற்றிய உண்மையான உரையாடல் அங்கே தொடங்கலாம்.

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளில், நம் உறவினரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஓரத்தில் பெயர்கூட எழுதப்படாத சிறு குழந்தைகளின் மண்மேடுகளும் இருக்கும். வரும் ஆண்டு அங்கேயும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். எதையும் சாதிக்காமல், எவர் நினைவிலும் நிற்காமல் போனவர்களையும் பெயர் சொல்லி அழைக்கும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்பதே நமது அறிக்கை. அந்தத் தந்தையின் அன்பு, அவரை இன்னும் அறியாத நம் பிள்ளைகளையும் சூழ்ந்திருப்பதாக!