கால் வலியும் இரத்த ஓட்டமும்

அறந்தாங்கி வட்டாரம் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியாகும். 1934-இல் திறக்கப்பட்ட அக்கால்வாயின் நீர் வந்து சேரும் நாட்களில் நடவு வேலை காலை முதல் மாலை வரை நடைபெறும். சேற்றில் நின்று உழைக்கும் விவசாயிகளுக்கும், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் நெசவாளர்களுக்கும் பொதுவான குறை கால் வலி. ‘காலில் இரத்த ஓட்டம் சரியில்லை’ என்று அதனைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரு வேறு நோய்கள் அடங்கியுள்ளன. ஒன்றுக்கு நன்மை செய்யும் சிகிச்சை மற்றொன்றுக்குத் தீங்காக முடியும். ஆதலின் அவற்றின் வேற்றுமையை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இரு வழிகள்

இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் தமனி; திரும்பக் கொண்டு வருவது சிரை. ஏறிய இரத்தம் மீண்டும் இறங்காதபடி சிரைகளினுள் சிறு தடுக்கிதழ்கள் உண்டு. அடிகுழாயினுள் இருக்கும் தோல் தடுக்கின் வேலையைப் போன்றதே இது. இத்தாலிய நாட்டுப் பதுவா நகரின் பேராசிரியர் பாப்ரிசியஸ் 1603-இல் இவ்விதழ்களை விவரித்தார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி ஓடுவதை 1628-இல் விளக்கினார். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையிலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. காலை அசைக்காமல் நெடுநேரம் இருந்தால் அவ்வேலை தளர்கிறது.

சிரை நோய்

இதழ்கள் பழுதுற்றால் இரத்தம் கீழே தேங்கும். சிரைகள் சுருண்டு புடைக்கும். இதனை ‘நரம்பு சுருட்டல்’ என்பர். புடைப்பது நரம்பன்று, சிரையே. மாலையில் கால் கனத்து வீங்கும்; உயர்த்தி வைத்தால் ஆறும். நாளடைவில் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துப் புண் உண்டாகலாம். இத்தகையோர் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடக்க வேண்டும். குதிகாலைப் பலமுறை உயர்த்தி இறக்க வேண்டும். படுக்கும்போது காலைத் தலையணைமீது வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் சொன்னால் இறுக்கமான காலுறையோ கட்டோ அணியலாம்.

தமனி நோய்

இங்கு இரத்தம் வந்து சேருவதே குறைவு. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்திழுக்கும், நின்றால் விட்டுவிடும். பாதம் குளிர்ந்திருக்கும். நோய் முற்றினால் படுத்திருக்கையிலும் வலிக்கும். காலைத் தொங்கவிட்டால்தான் ஆறுதல். புண் பெரும்பாலும் விரல்களிலோ குதியிலோ தோன்றும். இக்காலை இறுகக் கட்டுவது, வரும் சிறிதளவு இரத்தத்தையும் தடுப்பதாகும்.

புகையிலையும் நீரிழிவும் இந்நோய்க்கு முக்கிய காரணங்கள். இளவயதினரின் கை கால் தமனிகளை அடைக்கும் ஒரு நோயை அமெரிக்க மருத்துவர் லியோ பர்கர் 1908-இல் விவரித்தார். பீடி குடிப்போரிடையே அது நம் நாட்டிலும் காணப்படுகிறது. பீடியைக் குறைத்தல் போதாது. அறவே விட வேண்டும். விடாதவர்கள் விரலையும் பின்னர் காலையும் இழக்க நேரிடுகிறது.

அறிவது எப்படி?

கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவது எளிய சோதனை. கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்து வருவது 0.9-க்குக் குறைந்தால் தமனி சுருங்கியிருப்பதாகக் கொள்வர். கட்டுப் போடுமுன் இச்சோதனையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, வெளுத்துக் குளிர்ந்து மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

நீரிழிவு உள்ளோர் சுடுநீரில் காலை வைத்தலாகாது. உணர்ச்சி குன்றிய பாதம் வெந்தாலும் தெரியாது. இரவுதோறும் விரலிடுக்குகளைப் பார்த்துக்கொள்க. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிலேயே மாத்திரை வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்றது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் திறக்கப்பட்டதால், பெரிய சிகிச்சைக்குத் தஞ்சைக்கோ மதுரைக்கோ முதலிலேயே செல்ல வேண்டிய நிலையும் மாறியுள்ளது.

சங்கம் செய்யத்தக்கது

கூலி பெறவும் உரம் வாங்கவும் அங்கத்தினர் சங்கத்திற்கு வருகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அத்தகைய நாளொன்றில், ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துப் பாதங்களைப் பார்க்கச் செய்யலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஒருவர் காலை இழந்தால் அக்குடும்பம் வாங்கிய கடனை எந்த உழைப்பைக் கொண்டு தீர்க்கும்? நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இதனை ஆலோசிப்பார்களாக.