டேப் ஒட்டினால் முட்டி நிற்குமா?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் கடற்கரை வாலிபால் பார்த்தவர்களுக்கு அமெரிக்க வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோள்பட்டை நினைவிருக்கும். கறுப்பு டேப் விரல் விரலாகப் பிரிந்து ஒட்டியிருந்தது. அவர் தங்கம் வென்றார். டேப் உலகப் புகழ் பெற்றது. ஜப்பானைச் சேர்ந்த கைரோபிராக்டர் கென்சோ காசே 1970களில் உருவாக்கிய அந்த இழுபடும் டேப், இன்று நீலம், ரோஸ் என்று கலர் கலராக ஆன்லைனில் கிடைக்கிறது. முட்டி ஜவ்வு ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிக்கு வருகிறவர்கள், "எனக்கும் அதை ஒட்டிவிட்டா சீக்கிரம் நடந்துடலாமா?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது.

ஒட்டலாம், தப்பில்லை. ஆனால், அந்தக் காலை நம்பி நிற்கவைக்கும் வேலையை டேப் செய்யாது.

ஜவ்வோடு போகும் உணர்வு

முட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஜவ்வுகள் இருக்கின்றன. அவற்றில் முன்பக்கம் இருப்பதைத்தான் 'ஏ.சி.எல்.' என்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. கபடியிலோ கால்பந்திலோ பாதம் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால், 'டப்'பென்று கிழிந்துவிடும். பைக்கிலிருந்து விழுந்து கிழித்துக்கொண்டு வருகிறவர்களும் நிறையப் பேர். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள்.

பழைய ஜவ்வுக்குள் நரம்பு முனைகள் இருந்தன. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று அவை மூளைக்கு நொடிக்கு நொடி தகவல் சொல்லிக்கொண்டிருந்தன. புது ஜவ்வு வரும்போது அந்த நரம்புத் தொடர்பு கூடவே வருவதில்லை. போதாக்குறைக்கு, முட்டியில் நீர் கோத்திருந்தால் முன்தொடைத் தசையை நரம்பு மண்டலமே முழுசாக இயங்க விடாது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தும், "கால்ல பிடிமானமே இல்லை டாக்டர்" என்று நோயாளி சொல்வது இதனால்தான்.

கண்ணை மூடுங்கள்

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று பக்கமிருந்து தகவல் வர வேண்டும்: கண், உள்காது, பிறகு மூட்டு, தசை, பாதம் ஆகியவற்றின் உணர்வு. மூன்றாவதில் குறை வந்தால் கண் அதைச் சமாளித்துவிடும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது குட்டு வெளிப்படும். ஆபரேஷனான காலில் நின்றுகொண்டிருந்தவர் சட்டென்று சுவரைப் பிடிப்பார்.

பிசியோதெரபி அறையில் இதையே பயிற்சியாக்குகிறார்கள். ஊன்றுகோல் இல்லாமல், நொண்டாமல் நடக்க ஆரம்பித்தவரை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்கள். பாதத்தின் மேல் தசைநார்கள் புடைத்து ஆடும். கால்விரல்கள் தரையைக் கவ்வும். முட்டி உள்பக்கமாகச் சரியப் பார்க்கும். "கீழே பார்க்காதீங்க சார், நேரா பாருங்க" என்பார் பிசியோ. முப்பது விநாடி தாக்குப்பிடித்தால், அடுத்து கண்ணை மூடி நிற்க வேண்டும். அதற்கடுத்து ஸ்பாஞ்சின் மேல், பிறகு ஆடும் பலகையின் மேல். கடைசியில், நின்றபடியே பந்தைப் பிடித்து எறியச் சொல்வார்கள். கவனம் பந்தில் இருக்கும்போதும் முட்டி தன்னால் நேராக நிற்கிறதா என்பதே பரீட்சை.

டேப் செய்வது என்ன?

பருத்தித் துணி, நடுவே இழுபடும் இழை, பின்னால் அக்ரிலிக் பசை: டேப் அவ்வளவுதான். முடியை மழித்து, தோலைத் துடைத்து, முட்டியை மடக்கிவைத்து, சில்லின் இருபுறமும் கவட்டை போல் ஒட்டுவார்கள். முனைகளை வளைவாக வெட்டினால் சீக்கிரம் உரியாது. ஒட்டியபின் உள்ளங்கையால் தேய்த்தால் சூட்டில் பசை பிடிக்கும். காலை நீட்டும்போது டேப்போடு சேர்ந்து தோலில் சின்னச் சின்ன மடிப்பு விழும். பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும்.

தோலை மெல்ல இழுப்பதால் அங்குள்ள நரம்புகள் தூண்டப்பட்டு, மூட்டு உணர்வு கூடும் என்பது இதன் பின்னாலுள்ள கணிப்பு. சிலருக்கு வலியும் வீக்கமும் கொஞ்சம் குறைகின்றன. ஆனால், இழுக்காமல் பெயருக்கு ஒட்டிய போலி டேப்போடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பலத்திலும் சமநிலையிலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. டேப் தரும் தைரியத்தில் ஒருவர் பயிற்சியைக் கூடுதலாகச் செய்தால் அது லாபம். அதே தைரியத்தில் மைதானத்துக்கு ஓடினால் ஆபத்து. இவ்வளவு மெல்லிய துணியால் முட்டி திருகுவதைத் தடுக்க முடியாது.

வலி போன பிறகுதான் கவனம்

பொருத்திய ஜவ்வு உடனே முறுக்கேறுவதில்லை. உடம்பு அதற்குப் புது ரத்த ஓட்டம் கொடுத்து, மெல்ல மெல்ல மாற்றிக் கட்டுகிறது. அந்த மாற்றத்தின் நடுவே, ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்களில், அது பலவீனமாக இருக்கும். வலி அடங்கி, "எல்லாம் சரியாப்போச்சு" என்று தோன்றுவதும் அப்போதுதான். 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்து. 2023 ஜனவரியில் மும்பையில் முட்டி ஜவ்வு ஆபரேஷன். அடுத்த சில வாரங்களில், கோலூன்றி நீச்சல் குளத்துக்குள் நடக்கும் வீடியோவை அவரே வெளியிட்டார். பந்துக்குப் பந்து உட்கார்ந்து எழ வேண்டிய விக்கெட் கீப்பர், ஐ.பி.எல். களத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில்.

ஒட்டும் முன்

தையல் போட்ட இடம் முழுசாக ஆறாமல் டேப் ஒட்டக் கூடாது. அரிப்போ கொப்புளமோ வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். எண்ணெய் தடவி, முடி வளரும் திசையில் உரித்தால் தோல் பெயராது. கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் இருந்தால் ரத்த உறைவாக இருக்கலாம். டேப்பைத் தேடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

பைக் எடுக்கலாமா, ஆட இறங்கலாமா என்பதைக் காலண்டர் மட்டும் தீர்மானிக்க முடியாது. முன்தொடைத் தசையின் பலம் மற்ற காலில் உள்ளதில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா? ஒற்றைக்காலில் நின்று மற்ற காலை முன்னால் நீட்டும்போது, எட்டும் தூரத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 4 செ.மீ.க்குள் இருக்கிறதா? குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சரியாமல் இருக்கிறதா? பிசியோவிடம் இந்த மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது டேப்பைக் கழற்றிவிடுங்கள்.