உதகை தந்த ஆட்டம் ஊருக்கு வரட்டும்

தமிழ்நாட்டு மண்ணில் விதிகள் வகுக்கப்பட்டு இன்று உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டு எது என்று கேட்டால், நம்மில் பலர் சற்றுத் தயங்கவே செய்வோம். ஸ்நூக்கர்தான் அந்த விளையாட்டு. 1875-இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த நெவில் சேம்பர்லைன் என்ற இளம் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைக் கூடுதலாக வைத்து ஆடிப் பார்த்ததில் இது தொடங்கியது. பின்னர் அவர் நீலகிரிக்கு வந்தபோது, 1882-இல் உதகமண்டலம் மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் இதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ராணுவப் பயிற்சிப் பள்ளியின் முதலாண்டு மாணவனைக் கேலியாகக் குறிக்கும் சொல்லே விளையாட்டின் பெயராக நிலைத்தது.

அந்தச் சுவர் இருந்த மாநிலத்தில், திருவரங்கத்தில் வாழும் ஸ்நூக்கர் ரசிகன் நான். இந்த ஆட்டம் இங்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கையில் பெருமையும் வருத்தமும் ஒருசேர எழுகின்றன.

ஆட்டத்தை அறியாதோருக்குச் சுருக்கமான விளக்கம். பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் உள்ள மேசை, கற்பலகையின் மீது இழுத்துக் கட்டிய பச்சைக் கம்பளித் துணி, ஆறு குழிகள். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, முதலில் ஒரு சிவப்புப் பந்தையும் அடுத்து ஒரு வண்ணப் பந்தையும் மாறி மாறிக் குழியில் வீழ்த்த வேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி. மஞ்சளுக்கு 2 தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை. பதினைந்து சிவப்புகளோடும் ஒவ்வொரு முறையும் கறுப்பை வீழ்த்தினால் 120, இறுதியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாக வீழ்த்தினால் 27; ஆக 147. எதிராளியின் தவறால் வரும் புள்ளிகளைத் தவிர்த்தால், ஒரே மூச்சில் எட்டக்கூடிய உச்சம் இதுவே. பந்தை வீழ்த்துவது பாதி வேலைதான். அடுத்த அடிக்கு வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் ஆட்டக்காரரின் தரம் தெரியும். சதுரங்கத்தின் சிந்தனையும் வீணைக் கலைஞரின் விரல் கட்டுப்பாடும் இதற்கு ஒருங்கே தேவை.

இந்தத் துறையில் இந்தியர்கள் சாதித்தது குறைவன்று. எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர், 1958-இல் பில்லியர்ட்ஸில் வாகை சூடிய வில்சன் ஜோன்ஸ். மைக்கேல் ஃபெரைரா, கீத் சேத்தி, 1984-இல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம் வென்ற ஓம் அகர்வால் என அந்த மரபு நீண்டது. பங்கஜ் அத்வானி 28 உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார். 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஹாங்காங்கின் முன்னாள் உலக வாகையர் இங் ஒன் யீயை 3-2 என வீழ்த்திப் பட்டம் வென்றார் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன். நம் மாநிலத்துப் பெண் அடைந்த இந்த உயரம் எத்தனை வீடுகளில் பேசப்பட்டது?

பேசப்படாமைக்குக் காரணங்கள் உண்டு. ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1998 முதல் 2010 வரை இடம்பெற்று, நமக்குத் தங்கப் பதக்கங்களையும் தந்தது, 2014-இல் நீக்கப்பட்டது. பதக்கப் பட்டியலில் இல்லாத விளையாட்டின் மீது அரசின் பார்வையும் நிறுவனங்களின் ஆதரவும் விழுவது கடினம். 2013-இல் தில்லியில் நடந்த தொழில்முறை இந்தியன் ஓப்பன் போட்டியில் ஆதித்ய மேத்தா இறுதி ஆட்டம் வரை முன்னேறியபோது புதிய காலம் பிறந்துவிட்டதாக நம்பினோம். 2019-இல் கொச்சியுடன் அந்தப் போட்டியும் நின்றுபோனது.

சீனத்தின் பாதை வேறு. 2005-இல் பதினெட்டு வயது டிங் ஜுன்ஹுய் பெய்ஜிங்கில் பட்டம் வென்றதும் அங்கு ஆர்வம் பெருகியது. பயிற்சிக் கூடங்கள் பெருகின. 2025-இல் ஜாவோ ஷின்டாங் உலகத் தொழில்முறைப் பட்டத்தையே வென்றார். ஆட்டங்களை விலைபேசிய வழக்கில் 2023-இல் சீன வீரர்கள் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டதையும், அவர்களுள் ஜாவோவும் ஒருவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வளர்ச்சியோடு கண்காணிப்பும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மாம்பழச்சாலை வழியே காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குள் சென்றால்தான் எனக்கு ஒரு மேசை கிடைக்கிறது. இங்குள்ள மேசைகள் பெரும்பாலும் உறுப்பினர் மன்றங்களிலும் தனியார் கூடங்களிலும்தான் இருக்கின்றன. முன்னதில் சேரப் பெருந்தொகை வேண்டும். பின்னதில் மணிக்கணக்கில் வாடகை. கூடம் நடத்துபவரின் பாடும் எளிதன்று. ஒரு மேசையின் விலை லட்சங்களில். எடை ஒரு டன்னுக்கு மேல். இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட திருவரங்கத்துக் காற்றின் ஈரத்தைக் கம்பளித் துணி உறிஞ்சிக்கொண்டால் பந்தின் ஓட்டம் தளர்ந்துவிடும். பெரிய போட்டிகளில் கற்பலகையின் அடியில் சூடேற்றிகளைப் பொருத்தி ஈரத்தை விரட்டுகிறார்கள். இங்கே குளிர்சாதனக் கருவி ஓடும் நேரமே மின்கட்டணக் கவலைதான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை, மனத்தடை. ஸ்நூக்கர் கூடம் என்றாலே புகையும் பந்தயமும் வெட்டிப்பொழுதும் நினைவுக்கு வருகின்றன. சில இடங்களில் அது உண்மையும்கூட. மகனை அனுப்பவே தயங்கும் பெற்றோர் மகளை எப்படி அனுப்புவார்கள்? ஆனால் ஆட்டத்தின் மீது பழி போடுவது முறையாகாது. பொது இடத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையில் நடந்தால் எந்த ஆட்டமும் கண்ணியம் பெறும். சதுரங்கம் தெருமுனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது நம் கண்முன்னே நடந்ததுதான்.

நமக்கு அடித்தளம் இல்லாமலும் இல்லை. திண்ணைதோறும் கேரம் ஆடிய ஊர் இது. சென்னையின் மரிய இருதயம் உலக வாகையரானதும், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றதும் நாம் அறிந்தவை. காயை எந்தக் கோணத்தில் தொட்டால் எங்கே செல்லும் என்ற கணக்கு இரண்டு ஆட்டங்களுக்கும் பொது. கேரம் பலகையில் தேறிய பிள்ளைக்குப் பச்சை மேசை முற்றிலும் அந்நியமாக இராது.

அந்தப் பாலத்தின் நடுப்படிதான் பூல். ஸ்நூக்கர் ரசிகர்கள் பலர் அதை வணிக வளாகத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேசை சிறியது, விலை குறைவு, விதிகள் எளிமை. பிலிப்பைன்ஸ் நம்மைப் போன்றே வெப்பமும் ஈரமும் வறுமையும் கொண்ட நாடு. அங்கே சாதாரண பூல் கூடங்களில் வளர்ந்த எஃப்ரென் ரேயஸ் 1999-இல் உலகப் பட்டம் வென்றார். எளியவர் கைக்கு மேசை எட்டியதன் பயன் அது.

ஆகவே என் கோரிக்கை பெரிதன்று. மாவட்ட விளையாட்டு அரங்குகளில் இரண்டு பூல் மேசைகளும் ஒரு ஸ்நூக்கர் மேசையும் போதும். பள்ளி மாணவர்களுக்கு மாலையில் குறைந்த கட்டணம், மாணவியருக்குத் தனி நேரம், புகைக்கும் பந்தயத்துக்கும் கண்டிப்பான தடை, ஒரு முறையான பயிற்றுநர் ஆகியவை உடன் வேண்டும். தனியார் கூடங்களும் மாநிலச் சங்கத்துடன் இணைந்து மாவட்டப் போட்டிகளை நடத்தலாம். திருச்சியில் இதைத் தொடங்கினால் தஞ்சை, கரூர், புதுக்கோட்டைப் பிள்ளைகளும் வந்துபோக வழியுண்டு. இல்லையெனில் அடுத்த அனுபமாவும் பெருநகரத்தில் பிறந்தால்தான் உண்டு.